பதிவேட்டில் காவேரி

என் கணவர் பட்டாளத்துக்குப் போனபோது நான் மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. பூந்தமல்லியில் ஓர் அரிசி மில்லின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். சண்டைக்கு லாரி ஓட்டத் தெரிந்த ஆள்கள் வேண்டும் என்று ஆவடியில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, சோறு தின்று முடித்துக் கை கழுவும்போதுதான் சொன்னார். என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கழுவின தட்டையே கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் பிறந்தது குத்தம்பாக்கம். புகுந்தது பருத்திப்பட்டு. காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் நடந்து போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அம்மா செத்துப்போன பிறகு அந்த வீட்டில் எனக்காகக் காத்திருப்பவர்கள் யாரும் இல்லை. அண்ணி நல்லவள்தான். ஆனால் அவளுக்கே நான்கு குழந்தைகள். ‘பிரசவத்துக்கு இங்க அனுப்பாதிங்க’ என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை; ‘அங்கயே நல்ல மருத்துவச்சி கீறாளாமே’ என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

ஆகவே பருத்திப்பட்டிலேயே இருந்தேன். வீட்டில் மாமியார், மாமனார், நான், இரண்டு எருமைகள். மாமனார் அதிகம் பேசாதவர். அந்த வருஷம் அவர் பேசிய கொஞ்சமும் நிலத்தைப் பற்றித்தான். ஆவடிப் பக்கத்து நிலங்களைப் பட்டாளத்துக்காக அளந்து கல் நட்டுக்கொண்டு வந்தார்கள். நமக்கும் கல் வருமா, வராதா என்பதே அவருக்குச் சோறும் தூக்கமும். மாமியாருக்குப் பிள்ளையைப் பற்றிய கவலை. எனக்கும் அதே கவலைதான். ஆனால் ஒரே கவலை இருக்கிறது என்பதற்காக இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. அவள் அடுப்படியில் அழுவாள். நான் மாட்டுக் கொட்டகையில் அழுவேன். பிறகு இருவரும் உட்கார்ந்து கீரை ஆய்வோம்.

சித்திரை மாதத்தில் பட்டணமே காலியானது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பேச்சு. ரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மேற்கே வந்துகொண்டே இருந்தார்கள். அம்பத்தூரில் ஆட்டுக் கொட்டகையைக்கூட வாடகைக்கு விட்டார்கள் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவில், என் கணவரின் பெரியப்பாவுக்குச் சொந்தமான ஓட்டு வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. சாவி மாமனாரிடம் இருந்தது. ஒருநாள் வில்வண்டியில் பட்டணத்துக்காரர் ஒருவர் வந்தார். ஜரிகை அங்கவஸ்திரம், கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி. வண்டியிலிருந்து ஒரு பெண்மணியையும், ஒரு டிரங்குப் பெட்டியையும், ஒரு சுருதிப் பெட்டியையும் இறக்கினார். மாமனாரோடு பேசி முடித்தார். அந்த அம்மாள் வீட்டுக்குள் நுழைந்து திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு அந்த மனிதரை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மூக்கில் இரண்டு பக்கமும் பேசரி. கழுத்தில் தாலி இல்லை. ஆனால் நெற்றியில் குங்குமம் இருந்தது. மாமியார் ஒரு பார்வையில் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டாள்.

“அவரு தன் பொஞ்சாதி புள்ளைங்கள வேற எங்கியோ பத்திரமா கொண்டுபோய் வெச்சிருப்பாரு. இத இங்க கொண்டாந்து கடாசிட்டுப் பூட்டாரு” என்றாள். “த பாரு, தெனம் காலைல பால் ஊத்தறது உன் வேல. சொம்புல ஊத்து, திரும்பி வந்துடு. பேச்சு வெச்சிக்காத.”

நான் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. பத்து நாள் சொம்பில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். பதினோராவது நாள் நான் போனபோது கதவு திறந்திருந்தது. சொம்பு வாசலில் இல்லை. உள்ளே அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

பாட்டு என்றால் எனக்குத் தெரிந்தது நடவுப் பாட்டும், கோயிலில் கூழ் ஊற்றும்போது பாடுவதும்தான். இதில் வார்த்தையே இல்லை. வெறும் குரல். எங்கேயோ ஏறிப் போகிறது. போன வழியாக இல்லாமல் வேறு வழியாக, மெதுவாகத் திரும்பி வருகிறது. கூப்பிட்டுச் சொம்பு கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பால் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது என் வயிற்றுக்குள், செம்பு உரசிக்கொண்டிருந்த பக்கத்தில், ஏதோ ஒன்று தட்டிற்று. மீன் வாலால் தட்டியதுபோல் இருந்தது. ஐந்து மாதத்தில் அதுதான் முதல் தடவை.

அதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. அதனால் எதிரே இருந்தவளிடம் சொல்லிவிட்டேன்.

“யக்கா, அசஞ்சிச்சி.”

பாட்டு நின்றது. அவள் எழுந்து நிலைப்படிவரை வந்தாள். என்னைத் தொடவில்லை. தொடலாமா என்று யோசித்ததுபோல் கையை மட்டும் கொஞ்சம் தூக்கி, பிறகு தாழ்த்திக்கொண்டாள்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

காட்டினேன். அவள் சிரித்தாள். அந்த ஊருக்கு வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “இன்னா பாடிகினு இருந்திங்க?” என்று கேட்டேன்.

“சாவேரி.”

“யாரு அது?”

“யாரும் இல்லம்மா. ராகத்தோட பேரு.”

நான் அது ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்துவிட்டேன். அந்தக் குரலைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். யாரோ ஒருத்தியை அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்ததுபோல்தான் எனக்குப் பட்டது.

அதன் பிறகு பால் ஊற்றப் போகிற நேரம் நீண்டது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். நான் நிலைப்படிக்கு வெளியே நிற்பேன். அவள் உள்ளே உட்கார்ந்திருப்பாள். ‘இன்னிக்கு அதப் பாடுங்க’ என்பேன். ஒருநாள் அது ஏன் அழுவதுபோல் இருக்கிறது என்று கேட்டேன்.

“அழுகை இல்ல அது” என்றாள். “அழுது முடிச்சு, மூஞ்சியக் கழுவிக்கிட்டு, யாராவது வந்தா பேசலாம்னு உட்கார்ந்திருப்போமே, அந்தக் குரல். மேலே போகும்போது ரெண்டு ஸ்வரத்தை விட்டுட்டுப் போகும். அவசரம். கீழே வரும்போது ஒண்ணையும் விடாது. எல்லாப் படியிலயும் கால் வச்சு இறங்கும்.”

விரலால் காற்றில் ஏறியும் இறங்கியும் காட்டினாள். எனக்கு ஸ்வரம் புரியவில்லை. ஆனால் அவசரமாக ஏறிப் போகிறவரையும், ஒவ்வொரு படியாக இறங்குகிறவளையும் எனக்குத் தெரியும். இரண்டு பேரையும் அந்த வருஷம்தான் பார்த்திருந்தேன்.

பெண் குழந்தை பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. எங்கள் குடும்பங்களில் பெயரை யாரும் தேடுவதில்லை. அது ஏற்கெனவே இருக்கும். குலதெய்வத்தின் பெயராக, செத்துப்போன பெரியவர்களின் பெயராக. பிறக்கிற குழந்தை அதில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், பெட்டியில் இருக்கிற பழைய துணிபோல. எனக்கு யாரும் உடுத்தாத துணி ஒன்று வேண்டியிருந்தது. என் மனசுக்கு என்ன குரலோ அதே குரலில் ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வேறு பெயர் எப்படி வைப்பேன்?

வைகாசியில் மாமியார் கண்டுபிடித்துவிட்டாள். “பால் ஊத்த இம்மா நேரமா? அவ இன்னா சொல்லித் தராளோ, நீ இன்னா கத்துக்கிறியோ” என்றாள். கத்தவில்லை. மறுநாளிலிருந்து மாமனார் பால் கொண்டுபோனார். போனார், உடனே வந்தார்.

பின்கட்டுக் கிணற்றங்கரையில் நின்றால், காற்று ஏரிப் பக்கமிருந்து அடிக்கும் நாள்களில் மட்டும் அவள் குரல் கொஞ்சம் கேட்கும். காற்று மாறினால் கேட்காது. ராணுவ லாரிகள் மண் சாலையில் போனாலும் கேட்காது. அந்த வருஷம் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

ஆடி மாதம் பட்டணத்துக்கு ஜனங்கள் திரும்பத் தொடங்கினார்கள். குண்டு ஒன்றும் விழவில்லை. ஒருநாள் காலையில் ஓட்டு வீட்டு வாசலில் ஒற்றை மாட்டு வண்டி வந்து நின்றது. வில்வண்டி இல்லை; வாடகை வண்டி. மாமியார் எருமையை ஓட்டிக்கொண்டு போயிருந்தாள். நான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வேலி ஓரம் போனேன். வண்டிக்காரன் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான்.

“யக்கா, பொண்ணு பொறந்தா சாவேரின்னு பேர் வெக்கப்போறேன்.”

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

“வேண்டாம்மா. பேர்தான் வேணும்னா கல்யாணின்னு வை. மங்களமா இருக்கும். மோகனான்னு வை. எத்தனையோ இருக்கு.”

“எனக்கு அதுதான் வேணும்.”

“பேர்னா ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடணும், தெரியுமா? கோபத்துல கூப்பிடணும், சோறு ஊட்டக் கூப்பிடணும். அது தனியா இருக்கிறவங்க பாடற ராகம். அதைக் குழந்தை தலையில ஏன் வைக்கற?”

“தனியாத்தான யக்கா கீறேன்” என்றேன்.

வேலியின் மேலாகக் கையை நீட்டி என் கன்னத்தை ஒருமுறை தொட்டாள். வண்டி ஏரிக்கரை மேல் ஏறிப் போயிற்று. அவள் பெயர் என்ன என்று நான் கேட்டிருக்கவே இல்லை. அது வண்டி மறைந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆவணியில் பெண் பிறந்தது. இரண்டு நாள் வலி. மருத்துவச்சி குழந்தையைத் தூக்கிக் காட்டியபோது மாமியார் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளும் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. அதை நான் மறக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். பிறகு நடந்ததை மட்டும் சொன்னால் அவளைக் கெட்டவள் என்று நினைப்பீர்கள்.

தொட்டில் போட்ட அன்று சொந்தக்காரர்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். குத்தம்பாக்கத்திலிருந்து அண்ணன் மட்டும் வந்தான். பெயர் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் குழந்தையின் காதில் மூன்று தடவை சொன்னேன். பக்கத்தில் குனிந்திருந்த மாமியாருக்குக் கேட்டுவிட்டது.

“இன்னா சொன்ன?”

“சாவேரி.”

“பேருலயே சாவ வெச்சிகினு கூப்புடுவியா?” அவள் தொட்டிலைப் பிடித்துக்கொண்டாள். “உன் புருசன் எங்க கீறான்னு தெரியல. உயிரோட கீறானான்னு தெரியல. இந்த ஊட்டுல நின்னுகினு தெனம் நூறு வாட்டி சாவு சாவுன்னு கூவப்போறியா? மூணு கொயந்தைய இதே ஊட்டுலேருந்து கொண்டுபோய் ஏரிக்கரையில பொதச்சவ நானு. நாலாவதா பொழச்சவன்தான் உன் புருசன். தெரியுமா உனக்கு?”

எனக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. வந்திருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அது ராகம், பாட்டு என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் பாடியது என்று கேட்பார்கள். மாமியார் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லித் தொட்டிலை ஆட்டினாள்.

ஆனால் மாமனாரிடம் நான் தனியாகக் கேட்டுக்கொண்டேன். ஊர் முனிசீப்பிடம் பிறப்பைப் பதிய அவர்தான் போக வேண்டும். “மாமா, ஊட்டுல அத்த இஷ்டப்படி கூப்புடட்டும். எழுதறப்ப மட்டும் சாவேரின்னு எழுதச் சொல்லுங்க” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வழியெல்லாம் மறக்காமல் இருக்கச் சொல்லிக்கொண்டே போயிருப்பார் என்று நினைக்கிறேன். திரும்பி வந்து மேல்துண்டை உதறினார்.

“சாவேரின்னுதான் சொன்னேன். ‘இன்னாய்யா ஒளர்ற, காவேரின்னு சொல்லு’ன்னாரு. ரெண்டாவது வாட்டியும் சொன்னேன். அதுக்குள்ள எழுதிட்டாரு. வுடு பொண்ணே. தண்ணி பேரு. நல்ல பேருதான்.”

மாமியாருக்கும் அது பிடித்துவிட்டது. அன்று மாலையே குழந்தையைக் காவேரி என்று கூப்பிட்டாள். சாவேரியில் சாவு இருந்தால் காவேரியில் காவு இருக்கிறதே என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஏரிக்கரையில் புதைத்த மூன்று குழந்தைகள் நினைவுக்கு வந்ததால் கேட்கவில்லை.

ஆவடியில் கொடுத்திருந்த பட்டாளத்து விலாசத்துக்கு என் கணவருக்குக் கடிதம் எழுதினேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் நான், எழுத வரும். பெண் பிறந்ததையும், மூக்கு அவருடையது என்பதையும், பெயர் சாவேரி என்பதையும் எழுதினேன். அவராவது அந்தப் பெயரால் கூப்பிடட்டும் என்று ஆசை. ஒரு குழந்தைக்கு ஒரு பெயர் நிற்க வேண்டுமானால் இரண்டு பேராவது அதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. எந்த ஊர் என்று இல்லாத பட்டாளத்துக் கடிதம். ஆறு வரி. கடைசி வரியில், ‘குழந்தை காவேரிக்கு என் முத்தங்கள்’ என்று இருந்தது.

என் கையெழுத்தின்மேல்தான் கோபம் வந்தது. அவசரமாக எழுதினால் சகரமும் ககரமும் ஒன்றுபோல் விழும். அடுத்த கடிதத்தில் ‘சா’வை மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக, தனியாக எழுதினேன். பதிலில் காவேரி என்று வந்தது. அதற்கடுத்ததில் இன்னும் பெரிதாக எழுதினேன். காவேரி. பிறகு நான் சண்டை போடுவதை விட்டுவிட்டேன். ‘குழந்தை’ என்று மட்டும் எழுதத் தொடங்கினேன்.

யாரும் இல்லாதபோது நான் அவளைச் சாவேரி என்று கூப்பிடுவேன். ஏரியில் துணி துவைக்கும்போது, புல் அறுக்கும்போது, தலைக்குக் குளிப்பாட்டும்போது. அவள் தவழ்ந்தது அந்தப் பெயருக்குத்தான். முதலில் திரும்பிப் பார்த்ததும் அந்தப் பெயருக்குத்தான். அந்த அம்மாள் பாடியதை ஒருமுறை பாடிக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ஏறுவது கொஞ்சம் வந்தது. இறங்கத் தெரியவில்லை. குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நாள் போகப் போக அந்த ஏற்றமும் மறந்துவிட்டது. பெயர் மட்டும் என்னிடம் இருந்தது; அது எதற்குப் பெயரோ அது போய்விட்டது.

அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது பூந்தமல்லியில் ஒரு தூரத்துச் சொந்தத்தின் கல்யாணம். முதல் நாள் மாலை பெண் அழைப்பு. மேளக்காரர்கள் பந்தலில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதுதான். சந்தேகமே இல்லை என்று நினைத்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி மேளக்காரர்களுக்கு அருகில் போய் உட்கார்ந்தேன்.

“கேளுடி, இதான் உன் பேரு. இதான் சாவேரி.”

அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். அசையாமல், வாயைத் திறந்துகொண்டு. வாசிப்பு முடிந்ததும் தவில்காரர் வெற்றிலைக்குக் கை நீட்டினார். நான் பெருமையாக, “சாவேரிதானே அண்ணாத்தே வாசிச்சிங்க?” என்று கேட்டேன்.

“இல்லியேம்மா, இது பூர்விகல்யாணி” என்றார் அவர். “சாவேரியெல்லாம் காலைல வாசிக்கறது. நாளைக்கு விடிஞ்சதும் வந்து கேளு, வாசிக்கச் சொல்றேன்.”

விடிந்தால் எருமை கறக்க வேண்டும். மாமியாருக்கு அந்த வருஷம் முழங்கால் வீங்கிக் குந்தி உட்கார முடியாது. வெளிச்சம் இருக்கும்போதே நாங்கள் நடந்து திரும்பிவிட்டோம். வழியில் குழந்தை, “அது என் பேரு இல்லியா?” என்று கேட்டாள். “இல்ல” என்றேன். “அப்ப என் பேரு எப்பிடி இருக்கும்?” என்றாள். எனக்குத் தெரிந்திருந்தால் அல்லவா சொல்ல! எத்தனை வருஷமாக அதை நெஞ்சுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்திருந்தேன். நான் காப்பாற்றியது வேறு எதையோ. இந்த ஏமாற்றத்தையும் சொல்ல எனக்கு யாரும் இல்லை. குழந்தையை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

சண்டை முடிந்து பல மாதம் கழித்து அவர் வந்தார். ஆவடி ஸ்டேஷனிலிருந்து தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். கறுத்து, மெலிந்து, முன்னைவிடக் குறைவாகப் பேசுகிறவராக வந்தார். மாமியார் அவர் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். “காவேரி, நைனா வந்துகீறாரு பாரு” என்று மாமனார் கூப்பிட்டதற்குக் குழந்தை என் பின்னால் ஒளிந்துகொண்டது.

அவர் வந்து இரண்டு வாரம் இருக்கும். நான் கிணற்றங்கரையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை எங்கேயோ விளையாடப் போயிருந்தது. பழக்கத்தில், “சாவேரி!” என்று குரல் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் கொட்டகை ஓரம் நிற்கிறார்.

“இன்னும் அப்பிடித்தான் கூப்புடறியா?” என்றார்.

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். “இன்னும்னா? காயிதத்துல நான் எழுதினது தெரிஞ்சிதா உங்களுக்கு?”

“நீ தெளிவாதான் எழுதியிருந்த. சாவேரின்னுதான் படிச்சேன். மொத காயிதத்துலயே.”

“அப்பால ஏன் காவேரின்னு எழுதினிங்க?”

அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அங்க எழுத உக்காந்தா பாதியில கூப்ட்டுகினு பூடுவாங்க. வண்டிய எடுன்னுவாங்க. எங்கூட ஒருத்தன் இருந்தான், சேலத்துக்காரன். அப்பிடித்தான் பாதிக் காயிதத்த வெச்சிட்டு வண்டிய எடுத்துகினு போனான். திரும்பி வர்ல. அந்தப் பாதிக் காயிதத்த நாந்தான் மடிச்சி அவன் ஊட்டுக்குப் போட்டேன். மறுநாளு உனக்கு எழுத உக்காந்தேன். கொயந்த பேர எழுதலாம்னு ‘சா’ன்னு போட்டேன். கை நின்னுபோச்சி. அந்த ஓர் எழுத்தோட என்னியும் கூப்ட்டுகினு பூட்டா, உனக்கு இன்னா வந்து சேரும்? நெனச்சிப் பாரு.” பிறகு சொன்னார்: “அத அடிச்சிட்டு வேற காயிதம் எடுத்தேன். காவேரின்னு எழுதினேன். அப்பால மாத்த தைரியம் வர்ல.”

பதிவேட்டில் முனிசீப் எழுதியது அப்போது அவருக்குத் தெரியாது. அவராகவே, அங்கே, கூடாரத்தில் உட்கார்ந்து, அதே பெயருக்கு வந்து சேர்ந்திருந்தார். எனக்குக் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பெரிது பெரிதாக நான் எழுதி அனுப்பிய ‘சா’க்களை நினைத்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கும்போது அந்த மனிதர் முதலில் அதைத்தான் பார்த்திருப்பார்.

பிறகு நான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டு வீட்டு அம்மாளை, பால் செம்பை, வயிற்றில் தட்டியதை, ஏறும்போது இரண்டை விட்டுவிட்டு ஏறுவதை. அதுவரை யாரிடமும் சொல்லாத கதை. அவர் கடைசிவரை கேட்டார். “நல்லாத்தான் கீது” என்றார். எழுந்து வெளியே போனார். வாசலில் குழந்தையின் காலடிச் சத்தம் கேட்டது. அவர் கூச்சத்தோடு, மெதுவாக, “சாவேரி” என்று கூப்பிட்டதும் கேட்டது.

“அது அம்மா கூப்புடற பேரு” என்றாள் குழந்தை. “நீ கூப்புடாத நைனா. நீ காவேரின்னு கூப்புடு.”

அவர் சிரித்துச் சமாளித்தார். அதன் பிறகு அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்கவில்லை. குழந்தையிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னேன், அவள் கேட்கவில்லை. எனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டிருந்ததை அவளும் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாள். அதைத் திருத்த எனக்கும் முழு மனசு இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த வருஷம் ஆனி மாதத்தில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். வாத்தியார் பெயர் கேட்டார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். “காவேரி” என்று குழந்தையே சொன்னாள், கணீரென்று. வாத்தியார் எழுதிக்கொண்டார். அரிசித் தட்டில் விரலைப் பிடித்து எழுதவைத்தார்கள். பிறகு அவள் மற்ற குழந்தைகளோடு பாயில் போய் உட்கார்ந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் பூந்தமல்லி மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் தனியாக ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு வந்தேன். மாமியார் படுத்திருந்தாள். துணிகளை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன், துவைத்தேன், உலர்த்தினேன். புல் அறுத்து வந்து எருமைக்குப் போட்டேன். வெயில் சாயும்வரை எனக்கு யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.